காற்றறை வடிகட்டி: கிணற்று நீரின் இரும்பையும் கந்தக நாற்றத்தையும் எந்த அளவுக்கு நீக்குகிறது?

கிணற்று நீரில் இரும்புக் காவியும் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்தே வரும் வீடுகளுக்கு, விற்பனையாளர்கள் பெரும்பாலும் முன்வைப்பது காற்றறை வடிகட்டி என்னும் சாதனத்தைத்தான். ஏறத்தாழ ஆளுயரத்துக்கு ஓர் உருளை. அதன் கீழ்ப்பகுதியில் மாங்கனீஸ் டை ஆக்சைடு பூசிய மணிகள், மேற்பகுதியில் அடைபட்ட காற்று, உச்சியில் தானாக இயங்கும் கட்டுப்பாட்டு வால்வு. மருந்து ஊற்ற வேண்டாம், உப்பு கொட்ட வேண்டாம், இரண்டு தொல்லைகளும் ஒரே உருளையில் தீர்ந்துவிடும் என்பது இதைப் பற்றிச் சொல்லப்படும் உறுதி. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு இதைப் பொருத்தி, நீர்மட்டம் ஏறிய காலத்திலும் இறங்கிய காலத்திலும் நீரைச் சோதித்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இரும்பைப் பொறுத்தவரை அந்த உறுதி பெரும்பாலும் உண்மை. கந்தக நாற்றத்தைப் பொறுத்தவரை அது ஒரு வரம்பு வரைதான் உண்மை. இரண்டுமே நீரின் பி.எச். அளவையும் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) உங்கள் மோட்டார் தரும் நீரின் வேகத்தையும் சார்ந்தவை. விளம்பரத் தாள்களில் இந்த இரண்டுக்கும் ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

சாதனத்தைப் பற்றிப் பேசும் முன், அது எதை எதிர்கொள்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நீரில் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரையும் இரும்புக்கு நிறம் கிடையாது. குழாயைத் திறக்கும்போது நீர் கண்ணாடி போலத் தெளிவாக வரும். வாளியில் சற்று நேரம் நின்று காற்றுப் பட்டதும் மஞ்சளாகி, பின்பு காவி நிறத்தில் அடியில் படியும். இது கரைந்த இரும்பு. குழாயிலிருந்தே செம்மண் கலந்தது போல வந்தால் இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்து துகளாகிவிட்டது என்று பொருள். மூன்றாவது வகை, மட்கிய தாவரப் பொருள்களோடு பிணைந்த இரும்பு. நீர் தேன்மஞ்சள் நிறத்தில் இருக்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் அடியில் படியாது. காற்றறை வடிகட்டி முதல் வகைக்கென்றே உருவானது. இரண்டாம் வகையை வெறும் வடிகட்டலாகவே பிடித்துவிடுகிறது. மூன்றாம் வகையிடம் அது ஏறத்தாழத் தோற்றுவிடும், ஏனெனில் அந்தக் கரிமப் பொருள்கள் இரும்பை ஆக்சிஜனிடமிருந்து மறைத்து வைத்துக்கொள்கின்றன. தேன்மஞ்சள் நீர் வரும் வீட்டுக்கு இதை வாங்க வேண்டாம் என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரிலுள்ள இரும்புக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் துணியிலும் பீங்கானிலும் கறை படியும் என்பதாலேயே அந்த எண் எல்லா இடங்களிலும் அளவுகோலாகப் பேசப்படுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் கந்தக வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடோ அதைவிட மிகக் குறைந்த அளவில், லிட்டருக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராமிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பில் பத்தில் ஒன்பது பங்கை நீக்கிவிட்டால் வீட்டார் நிம்மதி அடைவார்கள். 3 மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடில் அதே ஒன்பது பங்கை நீக்கினாலும் குளியலறையில் நாற்றம் அப்படியே நிற்கும். இரும்புக்குப் போதுமான செயல்திறன் கந்தகத்துக்குப் போதாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

வாங்குவதற்கு முன் செய்தாக வேண்டிய சோதனைகளில் ஒன்றுக்கு எந்தச் செலவும் கிடையாது. நாற்றம் குளிர்ந்த நீரில் வருகிறதா, வெந்நீரில் மட்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெந்நீரில் மட்டும் வந்தால் குற்றம் கிணற்றுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. தொட்டி வகை வாட்டர் ஹீட்டர்களுக்குள் துருப்பிடிப்பதைத் தடுக்க ஒரு மெக்னீசியம் தண்டு வைத்திருப்பார்கள். அது நீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாக்களுக்குச் சாதகமான சூழலை உண்டாக்குகிறது. அந்தத் தண்டை எடுத்துவிட்டு அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தண்டையோ, மின்சாரத்தால் இயங்கும் தண்டையோ பொருத்தினால் போதும். பெரிய வடிகட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆய்வகத்துக்கு நீர் அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு என்பதால் புட்டியில் அடைத்து எடுத்துச் செல்லும் வழியிலேயே அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும், அல்லது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். ஆய்வகம் துத்தநாக அசிட்டேட் சேர்த்த தனிப் புட்டி தந்தால் அதில் பிடித்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் கிணற்றடியிலேயே நிறம் மாறும் சோதனைத் தாளாலோ கிட்டாலோ அளந்துகொள்வதே சரி. ‘சல்ஃபைடு இல்லை’ என்று வரும் அறிக்கையை மூக்கு மறுத்தால் மூக்கையே நம்புங்கள். இரும்போடு மாங்கனீஸ், பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். பி.எச். அளவையும் கூடுமானவரை கிணற்றடியிலேயே பார்ப்பது நல்லது, ஏனெனில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பின் அது உயர்ந்து காட்டும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு மூடியைத் தூக்கினால் போதும். கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டிக்குள் சுவரோடு ஒட்டிய, தொட்டால் வழுக்கும் செந்நிறக் கூழ் தெரிந்தால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை. காலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் போன்ற இந்த உயிரிகள் நோய் தருபவை அல்ல. ஆனால் வடிகட்டும் மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, எவ்வளவு கழுவினாலும் பிரியாத கட்டிகளாக்கிவிடும். இதைத் தீர்க்காமல் காற்றறை வடிகட்டி பொருத்துவது வீண். கிணற்றை முதலில் குளோரினால் அதிர்ச்சிச் சுத்திகரிப்பு செய்ய வேண்டும், அதாவது ஒரே தடவையில் அதிக அளவு குளோரினை ஊற்றிக் கிருமி நீக்க வேண்டும். கணக்கு எளிது: 10 செ.மீ. விட்டமுள்ள ஆழ்துளைக் கிணற்றில் ஒரு மீட்டர் நீர்த்தூணுக்கு ஏறத்தாழ 7.85 லிட்டர் நீர் இருக்கும். நீர்த்தூண் 50 மீட்டர் என்றால் 390 லிட்டர் அளவு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் 39 கிராம் தேவை. 5 சதவீதக் குளோரின் கரைசலில் அது முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். வீட்டுக் குழாய்களிலும் அந்த நீரை வரவழைத்து, ஓர் இரவாவது நிற்கவிட்டு, வாசனை போகும்வரை வெளியேற்ற வேண்டும். அமிலம் எதையும் இதோடு கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு எழும். இந்த உயிரிகள் சில மாதங்களில் திரும்பி வருவது இயல்பு. எனவே அதிர்ச்சிச் சுத்திகரிப்பை ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக நினைக்காமல், கிணற்றின் பராமரிப்பில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்வதே நல்லது.

இனிச் சாதனம். மோட்டாரிலிருந்து வரும் நீர் உருளையின் உச்சியில் நுழைந்து, அடைபட்ட காற்றினூடே விழுந்து, ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு மணிப்படுகையில் இறங்குகிறது. கரைந்த இரும்பு மணிகளின் மேற்பரப்பில் துகளாக மாறி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. மாங்கனீஸ் டை ஆக்சைடுப் பூச்சு இந்த வினையை முடுக்கிவிடுகிறது. அது இல்லாத வெறும் மணலில் இதே வேலை நடக்க இன்னும் அதிக நேரமும் பெரிய தொட்டியும் வேண்டியிருக்கும். வேதிக்கணக்குப்படி 1 மில்லிகிராம் இரும்புக்குத் தேவையான ஆக்சிஜன் 0.14 மில்லிகிராம்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கந்தகமாக்க ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.47 மில்லிகிராம் வேண்டும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். வளிமண்டலக் காற்றோடு சமநிலைக்கு வந்த 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்பதால், இரண்டுக்குமே ஆக்சிஜன் போதும் என்று தாளில் தோன்றும். போதாமல் போவது நேரம்தான். நீர் காற்றறையைக் கடப்பது சில நொடிகளில். படுகையைக் கடப்பது ஓரிரு நிமிடங்களில். அதற்குள் முடியும் வினை இரும்பினுடையது. கந்தகத்தின் வினை அதைவிட மெதுவானது.

பி.எச். இங்கேதான் நுழைகிறது. கரைந்த இரும்பு ஆக்சிஜனோடு வினைபுரியும் வேகம், பி.எச். ஒரு படி உயரும்போது ஏறத்தாழ நூறு மடங்கு கூடுகிறது. பி.எச். 7.5 உள்ள கிணற்றில் மிகச் சிறப்பாக வேலை செய்யும் வடிகட்டி, 6.3 உள்ள பக்கத்துக் கிணற்றில் ஏமாற்றுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கந்தகத்தின் போக்கோ நேர் எதிரானது. பி.எச். 7-க்கு அருகில் சல்ஃபைடில் பாதி வாயுவாகவும் மறுபாதி அயனியாகவும் இருக்கும், பி.எச். குறையக் குறைய வாயுப் பங்கு கூடும், காற்றோடு எளிதில் பிரிந்து போகும். ஆனால் மூடிய உருளைக்குள் பிரிந்த வாயு எங்கே போகும்? அது காற்றறையிலேயே தங்கி, அடுத்த கழுவலின்போதுதான் வெளியேறுகிறது. ஆகவே திறந்த தொட்டியில் நீரைத் தூவி நாற்றத்தை விரட்டும் முறைக்கு இருக்கும் சாதகம் இந்த மூடிய உருளைக்குக் கிடையாது. ஒரே உருளையில் இரண்டையும் முழுமையாகச் செய்யச் சொல்வது, எதிரெதிர் நிபந்தனைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றச் சொல்வதாகும். பி.எச். குறைவான கிணறுகளுக்கு முன்னால் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமப் படுகை ஒன்றை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். அது கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்பதையும், அவ்வப்போது நிரப்ப வேண்டும் என்பதையும் அறிந்தே செய்ய வேண்டும்.

இந்த வடிகட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எதிர்த்திசைக் கழுவல்; எல்லோரும் பேக்வாஷ் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். சிக்கிய துருவை வெளியேற்ற, நீர் கீழிருந்து மேலாகப் பாய்ந்து படுகை முழுவதையும் தூக்கி விரித்து, மணிகள் ஒன்றோடொன்று உரசும்படி செய்ய வேண்டும். மணிகள் விரியவில்லை என்றால் துரு வெளியே போகாது. மேலே பார்க்க எல்லாம் சரியாகத் தோன்றும், உள்ளே படுகை மெல்ல மெல்லக் கல்லாகிக்கொண்டிருக்கும். எடை குறைந்த பூச்சு மணிகளுக்கு மணிக்கு 25 மீட்டர் என்ற மேல்நோக்கு வேகமாவது தேவை. 25 செ.மீ. விட்டமுள்ள உருளைக்கு இது நிமிடத்துக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல்; 30 செ.மீ. உருளைக்கு 30 லிட்டரை ஒட்டி வரும். பூச்சு மணிகளுக்குப் பதிலாக முழுவதும் மாங்கனீஸ் தாதுவாலான கனமான மணிகளை நிரப்பியிருந்தால் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதாவது 25 செ.மீ. உருளைக்கே 50 லிட்டர் அளவுக்கு வேண்டும். தாது மணிகள் இரும்பைப் பிடிப்பதில் பூச்சு மணிகளை விஞ்சியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைத் தூக்கும் மோட்டார் பல வீடுகளில் இருப்பதில்லை.

உங்கள் மோட்டாரின் அளவை அறிய 20 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். வடிகட்டி வைக்கப்போகும் இடத்திலேயே குழாயை முழுவதும் திறந்து, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 60 நொடிக்கு மேல் ஆனால் 25 செ.மீ. உருளைக்கே அந்த மோட்டார் போதாது. கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்வது மேலும் நம்பகமானது, ஏனெனில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் தரும் நீரும் குறையும். பெரிய உருளை நல்லது என்று பலரும் நினைத்து வாங்கிவிடுகிறார்கள். மோட்டாருக்கு மீறிய உருளை, கழுவப்படாத உருளை என்றே ஆகிவிடும்.

மேல்நிலைத் தொட்டி உள்ள வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பத்து மீட்டர் உயரத்து நீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் இந்த வால்வுக்குக் கழுவலின்போது புதுக் காற்றை உறிஞ்சவும் போதாது, படுகையைத் தூக்கவும் போதாது. ஆகவே வடிகட்டியை மோட்டாருக்கும் தொட்டிக்கும் இடையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பேக்வாஷ் நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கழுவலைத் தொடங்கிவைக்கும் வால்வின் டைமரோ தொழிற்சாலை அமைப்பின்படி நள்ளிரவுக்குப் பின் கழுவத் தொடங்கும். அந்த நேரத்தில் மோட்டார் நின்றிருந்தால் வால்வு எல்லாப் படிகளையும் வறட்சியாகக் கடந்துவிட்டு, கழுவி முடித்ததாக நினைத்துத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். டைமரையும் மோட்டாரின் சுவிட்சையும் ஒரே நேரத்துக்கு இணைத்துத் தர வேண்டியது பொருத்துபவரின் கடமை. எங்கள் வீட்டில் அதைச் சரியாகவே செய்து தந்தார்கள்.

சரியாகச் செய்யாதது வேறொன்று. உருளையின் வடிகால் வாயில், வெளியேறும் நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். எங்களுக்கு வந்த வால்வில், நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவிக்கு உரிய வளையமே இருந்தது. சாஃப்ட்னரில் இருக்கும் ரெசின் மணிகள் எடை குறைந்தவை. அவற்றைத் தூக்க நிமிடத்துக்கு 9 லிட்டர் அளவு போதும் என்பதால் அந்த வளையத்தின் துளை சிறியது. வால்வு ஒரே மாதிரியாக உற்பத்தியாகி, எந்தப் படுகைக்குப் போகிறதோ அதற்கேற்ப வளையத்தை மாற்றுவது விற்பவரின் பொறுப்பு. பேக்வாஷின்போது வடிகால் நீரை வாளியில் பிடித்து அளந்தபோது தேவையில் பாதிகூட வரவில்லை என்பது தெரிந்தது. வளையத்தை மாற்றியதும் முதல் கழுவலில் வெளியேறிய சேற்றின் அடர்த்தியைப் பார்த்தபோது, அதுவரை படுகைக்குள் எவ்வளவு தங்கியிருந்தது என்பது விளங்கியது. இதைச் சாதனத்தின் குறை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் விற்பனைக்குப் பின் வந்து பார்த்தவர்களில் ஒருவரும் வடிகால் நீரை அளக்கவில்லை என்பது வருத்தம் தருகிறது.

வளையம் மாற்றிய பின் இரும்பில் கிடைத்த பலன் ஐயத்துக்கு இடமில்லாதது. உள்ளே செல்லும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமை ஒட்டி இருக்கும் இரும்பு, வெளிவரும் நீரில் 0.3-க்குக் கீழேயே தொடர்ந்து நிற்கிறது. எங்கள் கிணற்றின் பி.எச். 7-க்குச் சற்று மேல் என்பது இதற்குப் பெரும் துணை. பீங்கானில் புதுக் கறை படிவதில்லை. வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. பழைய கறையை வடிகட்டி எடுக்காது, அதற்கு ஆக்சாலிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ வேண்டும். பழைய குழாய்களுக்குள் படிந்திருக்கும் துரு சிறிது காலம் பெயர்ந்து வந்துகொண்டிருக்கும். அதைக் கண்டு வடிகட்டி பழுது என்று முடிவு கட்டக் கூடாது. மாங்கனீஸ் உள்ள நீரில் கறை கறுப்பாகப் படியும். அதை நீக்க இரும்பைவிட உயர்ந்த பி.எச். வேண்டும் என்பதால், மாங்கனீஸ் அதிகமுள்ளவர்கள் இரும்புக்குச் சொன்ன பலனை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

நாற்றத்தில் கிடைத்த பலன் நிலையாக இல்லை. கழுவிப் புதுக் காற்று ஏற்றிய முதல் நாள் நீரில் எதுவும் தெரியாது. காற்றறையின் ஆக்சிஜன் குறையக் குறைய முதலில் திரும்புவது நாற்றம்தான். இரும்பு அதற்குப் பிறகும் பல நாட்கள் கட்டுக்குள் இருக்கும். ஆகவே இரும்புக்கு மட்டும் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்ற நீருக்கு, கந்தகமும் இருந்தால் நாள்தோறும் காற்றைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் முழுக் கழுவல் என்பது நீர்ச் செலவு: நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் பத்து நிமிடம் கழுவினாலே 200 லிட்டர், அதன்பின் படுகையை அலசி அமர்த்தும் நீர் தனி. சில வால்வுகளில் காற்றை மட்டும் தினமும் புதுப்பித்து, கழுவலை இடைவெளி விட்டுச் செய்யும் அமைப்பு இருக்கிறது. கந்தகம் உள்ளவர்கள் அந்த அமைப்பு இல்லாத வால்வை வாங்கவே கூடாது.

ஆக்சிஜனேற்றம் அடைந்த கந்தகம் மறைந்து போவதில்லை. மிக நுண்ணிய துகள்களாகி நீரைப் பால் கலந்தது போல மங்கலாக்கும். இதைக் காற்றுக் குமிழியோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அழுத்தத்தில் கரைந்த காற்று குழாயைத் திறந்ததும் வெளிப்படுவதாலும் நீர் வெண்மையாகத் தெரியும், குழாய் சற்றுச் சீறும். கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பாருங்கள்: காற்று என்றால் ஒரு நிமிடத்துக்குள் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும், கந்தகம் என்றால் தெளியாது. தெளியாத வெண்மை தொடர்ந்து வந்தால் கந்தகம் அந்தப் படுகையின் திறனை மீறிவிட்டது. அந்தத் துகள்கள் மணிகளின் பூச்சையும் மூடிவிடும். அப்போது இரும்பை நீக்கும் திறனும் சேர்ந்தே விழும். என் மதிப்பீட்டில், நாற்றம் இலேசாகத் தெரியும் நீருக்கு இந்த வடிகட்டி மட்டும் போதும். குழாயைத் திறந்ததுமே அறை முழுவதும் நாற்றம் நிறையும் என்றால் இதைத் தனியாக நம்ப வேண்டாம்.

அத்தகைய நீருக்கு மேலான வழி, ஹைட்ரஜன் பெராக்சைடையோ குளோரினையோ சிறு பம்பினால் சொட்டுச் சொட்டாகச் செலுத்தி, பின்னால் கரிப்படுகை வைப்பது. குளோரின் என்றால் வினை முடிய இருபது நிமிட அளவுக்கு நீர் தங்கும் தொட்டி ஒன்று இடையில் வேண்டும். கந்தகமாக்க மட்டும் 1 மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் செலவாகும், சல்ஃபேட் வரை கொண்டுபோக 8 மில்லிகிராமுக்கும் அதிகம். பெராக்சைடு வேகமாக வேலை செய்யும், எஞ்சியது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆனால் அடர் பெராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய பொருள். மருந்து தீர்ந்த நாளில் நாற்றம் திரும்பும் என்பதும் உண்மை. இடத்தையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொள்ள முடிந்தவர்களுக்குக் கடும் கந்தகத்தில் இதுவே உறுதியானது.

சாஃப்ட்னரையே இரும்புக்கும் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கரைந்த இரும்பு சிறிதளவு மட்டும் இருந்தால் அது உண்மைதான், ஆனால் துகளான இரும்பு ரெசினை அடைத்துவிடும், நாற்றத்துக்கு அது எதுவும் செய்யாது. ஆர்.ஓ. கருவியின் சவ்வை இரும்பு விரைவில் பாழாக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அந்தச் சவ்வையும் கடந்து போய்விடும். இரண்டும் இந்த வடிகட்டிக்குப் பின்னால் வர வேண்டியவை, இதன் இடத்தில் வர வேண்டியவை அல்ல.

பராமரிப்பு இல்லாத சாதனம் என்று சொல்லி விற்கிறார்கள், அது சரியல்ல. காற்றை உறிஞ்சும் நுண்துளைக் குழல்தான் இதில் முதலில் அடைபடும் உறுப்பு. அதன் வழியே செல்வதும் இரும்பு நீரே என்பதால் துரு படிந்து துளை சுருங்கும்; காற்றறை நிரம்பாது; நாற்றம் திரும்பும். பலர் அப்போது படுகையையே மாற்றச் சொல்லப்பட்டு மாற்றியும் விடுகிறார்கள். குழலைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் செய்யப் பொறியாளர் தேவையில்லை, ஆனால் வால்வின் அந்தப் பகுதியைக் கருவியின்றித் திறக்கும்படி வடிவமைத்திருக்க வேண்டும். எங்களுடையது அப்படி இல்லை, நான்கு திருகுகளும் எளிதில் கிழிந்துபோகும் ஒரு மெல்லிய கேஸ்கெட்டும் நடுவில் நிற்கின்றன. இந்த விலைக்குக் கருவியின்றித் திறக்கும் வசதியை எதிர்பார்ப்பது நியாயமே.

இந்த வடிகட்டி கிருமிகளைக் கொல்லாது. நீரில் திடீரென்று புதிதாக நாற்றம் தோன்றினால், கழிவுநீர் கலந்திருக்கக் கூடும் என்பதால் முதலில் கழிவுக் கலப்பைக் காட்டும் பாக்டீரியாக்களைத் தேடும் கோலிபார்ம் சோதனைதான் செய்ய வேண்டும். நாற்றத்தின் காரணம் தேடிக் கிணற்றுக்குள்ளோ மோட்டார்க் குழிக்குள்ளோ இறங்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்கியவர்கள் உயிரோடு திரும்பாத நிகழ்வுகள் உலகெங்கும் நேர்ந்திருக்கின்றன.

வாங்க முடிவு செய்தவர்கள், உருளையும் மணிகளும் குடிநீருக்கு ஏற்றவை என்பதற்கு என்.எஸ்.எஃப். என்னும் அமெரிக்கத் தர அமைப்பின் 61-ஆம் எண் தரச் சான்றிதழும், இரும்பையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் குறைப்பதாகச் சொல்வதற்கு என்.எஸ்.எஃப். 42 சான்றிதழும் அந்தக் குறிப்பிட்ட மாதிரிக்கே உண்டா என்று கேட்க வேண்டும். நிறுவனத்தின் வேறொரு பொருளுக்குப் பெற்ற சான்றிதழைக் காட்டுவது போதாது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் நீர் பிடித்துப் பார்க்க ஒவ்வொரு குழாயும், பழுதுபட்டால் நீர் நிற்காமலிருக்கவும் அதிர்ச்சிச் சுத்திகரிப்பின் குளோரின் மணிகள்மேல் படாமலிருக்கவும் ஒரு பைபாஸ் வால்வும் பொருத்துச் செலவிலேயே அடங்க வேண்டும். உருளையின் விட்டம், மணிகளின் வகை, அவற்றுக்குத் தேவையான பேக்வாஷ் வேகம், வடிகாலில் போட்டிருக்கும் வளையத்தின் அளவு ஆகிய நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கழுவலின்போது, பொருத்தியவர் கிளம்பும் முன், வடிகால் நீரை அவர் கண்முன்னாலேயே வாளியில் பிடித்து அளந்துவிடுங்கள்.